கடல் மாதச் சம்பளம் தராது

2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஒரு நாள் தொழிலுக்கு 15 லீற்றர் குடிக்கும் எஞ்சின் என்றால், நேற்று 1,305 ரூபா, இன்று 5,100 ரூபா. போட்டும் வலையும் கடலும் அப்படியேதான் இருந்தன. மீன் கிலோ 800 ரூபாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், முன்பிருந்த இடத்திலேயே நிற்பதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ கூடுதலாகப் படவேண்டும்.

அப்படியொரு காலையில் கடலுக்குப் போவதா, போட்டைக் கரையில் விடுவதா என்று முடிவெடுக்க ஓர் எண் தேவை: எத்தனை கிலோவுக்குக் கீழே பட்டால் நட்டம்? கொப்பியில் கணக்கு வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் அந்த எண்ணைச் சொல்லிவிடுவார். வைக்காதவர் பக்கத்து வாடிக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்து முடிவெடுப்பார்.

கொக்கிளாய் முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு ஓரம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு, முகத்துவாரத்துக்கு அப்பால் புல்மோட்டை. இங்கே பல வீடுகளுக்குச் சம்பளநாள் என்று ஒன்று கிடையாது. காசு வரும் நாளில் மொத்தமாக வரும், வராத நாளில் வராது. பத்திரிகைகளில் வரும் வரவுசெலவு ஆலோசனைகளோ எப்போதும் மாதம் பிறந்ததும் சம்பளத்தைப் பிரிப்பதில்தான் தொடங்குகின்றன. கந்தோர் வேலைக்காரருக்கு அது சரி. கடல் வீட்டுக்கு மாதக் கணக்கு பொருந்தாது. இங்கே வருடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கும் முன்னால், போட்டின் காசையும் குசினியின் காசையும் பிரிக்க வேண்டும். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

முதல் வேலை: இரண்டு கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி இரண்டு வாங்குங்கள். ஒன்றில் ‘தொழில்’ என்று எழுதுங்கள், மற்றதில் ‘வீடு’ என்று எழுதுங்கள். காசு வைக்கவும் இரண்டு இடம் வேண்டும்: இரண்டு பிஸ்கட் ரின், அல்லது வங்கியில் இரண்டு சேமிப்புக் கணக்கு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கரையில் மீன் விற்ற காசு கைக்கு வந்ததும் அது முழுவதும் உழைப்பு என்றே மனம் எண்ணிக்கொள்ளும். ஆனால் அந்தக் கட்டுக்குள் நாளைய மண்ணெண்ணெய் இருக்கிறது, அடுத்த வருட வலை இருக்கிறது, ஆறு வருடம் கழித்து மாற்ற வேண்டிய எஞ்சின் இருக்கிறது, கூட வந்தவரின் பங்கும் இருக்கிறது. ஒரே பொக்கெற்றில் எல்லாம் கிடந்தால் முதலில் கேட்பவருக்கே போகும். முதலில் கேட்பது எப்போதும் வீடுதான். எஞ்சின் வாய் திறந்து கேட்காது. அது கேட்கும் நாள், நடுக்கடலில் நின்றுபோகும் நாள்.

ஒரு நாளின் கணக்கு

கீழே உள்ள எண்கள் விளங்குவதற்காக எடுத்தவை. உங்கள் போட்டின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு பேர் போகும் ஒரு சிறு போட். மண்ணெண்ணெய் 3,000, எஞ்சின் ஒயில் 600, ஐஸ் 500, தேத்தண்ணி, சாப்பாடு, வெற்றிலை 400. அன்றைய செலவு 4,500 ரூபா. பாடு 20 கிலோ, சராசரி விலை 800. விற்றுவரவு 16,000. செலவு போக மிச்சம் 11,500. பங்கு பிரிக்கும் முறை கரைக்குக் கரை மாறும். இங்கே பாதி போட்டுக்கு, பாதி ஆட்களுக்கு என்று வைப்போம். போட்டுக்கு 5,750, ஆளுக்கு 2,875.

போட் சொந்தக்காரரே ஓர் ஆளாகவும் போயிருக்கிறார். எண்ணெயும் ஐஸும் சாப்பாடும் கடனுக்கு எடுத்திருந்தால், கூட வந்தவருக்குக் கொடுத்தபின் அவர் பொக்கெற்றில் 13,125 ரூபா இருக்கும். வீட்டுக்கு வருகிறார்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பாடு எப்பிடி?”

“பரவாயில்லை. பதிமூவாயிரம் கிடக்கு.”

இந்தப் பதிலில்தான் பிழை தொடங்குகிறது. அதில் 4,500 எண்ணெய்க்காரருக்கும் ஐஸ்காரருக்கும் கடைக்காரருக்கும் சொந்தம். மீதி 8,625. அதற்குள்ளும் போட்டின் தேய்மானம் ஒளிந்திருக்கிறது.

தேய்மானத்தை இப்படிப் பாருங்கள். 6 லட்சம் ரூபா எஞ்சின் 6 வருடம் ஓடினால் வருடத்துக்கு 1 லட்சம். வலை வருடத்துக்கு 1½ லட்சம். 5 லட்சம் ரூபா போட் 10 வருடம் என்றால் வருடத்துக்கு 50,000. பழுது பார்க்க 60,000. மொத்தம் 3,60,000. வருடத்தில் 150 நாள் கடலுக்குப் போனால், போகும் ஒவ்வொரு நாளும் போட் 2,400 ரூபா தேய்கிறது.

அந்த 2,400-ஐத் தொழில் ரின்னில் போட்டுவிட்டால் மிஞ்சுவது 6,225. அன்று வீட்டுக்குச் சொந்தமான காசு அவ்வளவுதான். பொக்கெற்றில் இருந்ததில் பாதிகூட இல்லை.

இதே கணக்கு முதலில் கேட்ட எண்ணையும் தருகிறது. அன்றாடச் செலவு 4,500, தேய்மானம் 2,400, கூட்டினால் 6,900. அதை 800-ஆல் பிரித்தால் 8.6. அதாவது 9 கிலோவுக்குக் கீழே பட்ட நாளில், பங்கு பிரிக்க முன் மொத்தமாகப் பார்த்தால், உழைப்புக்குக் கூலி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இந்த எண்ணைத் தொழில் கொப்பியின் முன்மட்டையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம். எண்ணெய் விலை மாறும் ஒவ்வொரு முறையும் அதை அழித்து எழுத வேண்டிவரும்.

வருடத்தை வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயத்தை எழுதுங்கள்: அந்த மாதம் காசு வருமா? அந்த மாதம் எந்தப் பெரிய செலவு நிற்கிறது?

இந்தக் கரையில் சோளகம் வீசும் மாதங்கள்தான் தொழில் மாதங்கள். ஏறத்தாழ பங்குனி, சித்திரை தொடங்கி புரட்டாதி வரை கடல் இடம் கொடுக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை பிடித்து, கடல் கொந்தளித்து, போட் கரையேறும். களப்பு வேறு கணக்கு. இறால் குஞ்சு முகத்துவாரத்தால் கடலிலிருந்து உள்ளே வந்து களப்பில் வளர்வது, ஆகவே மழையையும் முகத்துவாரம் திறப்பதையும் பொறுத்து அந்த வரவு முன்பின்னாகும். உங்கள் வீட்டுக்கு எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பதை ஒரு வருடம் எழுதிப் பார்த்தால் அந்தக் கணக்கும் பிடிபடும்.

இப்போது செலவுக் கட்டங்களைப் பாருங்கள். நத்தார் மார்கழியில். தைப்பொங்கல் தையில். புதிய பாடசாலை ஆண்டு வழமையாகத் தொடங்குவதும் தையில்தான். பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைத்தாலும் கொப்பி, பை, சப்பாத்து எல்லாம் கடையில்தான் வாங்க வேண்டும். கூரை ஒழுகுவது தெரியவருவது மழைக்காலத்தில், காய்ச்சல் வருவதும் மழைக்காலத்தில். புயலின் பருவமும் அதுவே: புரெவி 2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. காசு வராத மாதங்களின் தலையிலேதான் செலவு வந்து குந்துகிறது. வீடுகள் கடனுக்குள் விழுவது கூடுதலாக இங்கேதான். ஊதாரித்தனம் என்று ஊர் சொல்லும், ஆனால் கலண்டரைப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். கடல்நீரில் விளக்கெரியும் அந்த நாளுக்கு மாவட்டம் முழுக்கத் திரளும். நேர்த்தி, உடுப்பு, பயணம், வீட்டுக்கு வரும் உறவு எல்லாம் செலவுதான். நல்ல வேளையாக அது தொழில் மாதத்தில் வருகிறது. அதையும் கட்டத்தில் எழுதுங்கள். கோயில் செலவை எழுதாமல் விடுவதால் அது செலவில்லாமல் போய்விடாது.

வீட்டுக்குச் சம்பளம் கொடுங்கள்

கடல் சம்பளம் தராவிட்டால் நாமே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன போட்டையே எடுங்கள். நாளொன்றுக்கு 6,225 வீதம் 150 நாளுக்கு 9,33,750 ரூபா. 52 வாரத்தால் பிரித்தால் ஏறத்தாழ 18,000. ஆனால் வீட்டுக்கு வாரம் 15,000 மட்டும் எடுங்கள். நல்ல பாடு பட்ட வாரத்திலும் 15,000, காற்று அடித்துப் போட் போகாத வாரத்திலும் 15,000.

தொழில் நடக்கும் 35 வாரத்தில் சராசரியாக வாரம் 26,600 வரை வரும். வீட்டுக்குப் 15,000 போக மிச்சம் 11,600 அளவில். அதை அந்த வாரமே வங்கியில் போடுங்கள். பருவம் முடியும்போது 4 லட்சத்துக்குச் சற்று மேல் சேர்ந்திருக்கும். தொழில் இல்லாத 17 வாரத்துக்கு வீட்டுச் சம்பளம் 2,55,000. அது போகவும் 1½ லட்சத்துக்கு மேல் மிஞ்சும். பாடசாலை, பொங்கல், கூரை, வைத்தியச் செலவு எல்லாம் அதிலிருந்து.

காகிதத்தில் இது இலகு. நடைமுறையில் ஆவணி மாதம் கையில் 2 லட்சம் நிற்கும்போது மோட்டர் சைக்கிள் கடைக்காரர் கூப்பிடுவார், ஒரு சொந்தக்காரர் கைமாற்றுக் கேட்பார், பெரிய தொலைக்காட்சிப் பெட்டி கண்ணில் படும். அதனால்தான் அந்தக் காசு வீட்டு ரின்னில் இருக்கக் கூடாது. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கில் போடுங்கள். முல்லைத்தீவு ரவுணுக்குப் போய்வரும் தூரமும் கொஞ்சம் காவல்தான்.

அஸ்வெசும கிடைக்கும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த அந்தக் காசுதான் கடலைப் பொறுத்திராமல் வரும் ஒரே வரவாக இருக்கலாம். அதைப் பொதுச் செலவில் கரைக்காமல், மாறாத ஒரு செலவோடு கட்டிவிடுங்கள்: மின்பட்டியல், பால்மா, பிள்ளையின் வகுப்புக் காசு. வீட்டில் பெண்கள் கருவாடு போட்டோ கோழி வளர்த்தோ தைத்தோ உழைக்கும் காசுக்கும் தொழில் கொப்பியில் தனிப் பக்கம் வேண்டும். கருவாட்டுக்கு வாங்கிய உப்பையும் கோழிக்கு வாங்கிய தீவனத்தையும் கழித்துப் பார்த்தால்தான் அதில் ஆதாயம் உண்டா என்று தெரியும்.

வீட்டுக் கொப்பி: நாலு நிரல் போதும்

ஜப்பானில் 1904-இல் ஹனி மொதொகோ என்ற பெண் பத்திரிகையாளர் வீட்டுக் கணக்குக்கென்று ஒரு கொப்பியை அச்சடித்தார். ‘ககெய்போ’ என்று அதைச் சொல்வார்கள். நூறு வருடம் கழிந்தும் அங்கே அந்தப் பழக்கம் இருக்கிறது. அதன் பலம் கையால் எழுதுவதில் இருக்கிறது: எழுதும்போது செலவு இரண்டாம் தடவை கண்ணில் படுகிறது.

நிரல்கள் இவை: சாப்பாடு, பிள்ளைகள், பட்டியலும் தவணையும், மற்றவை. ஒவ்வொரு இரவும் விளக்கணைக்க முன் மூன்று நிமிடம். ஞாயிறு கூட்டல். ‘மற்றவை’ நிரல் மற்ற மூன்றையும்விட வீங்கினால், அடுத்த வாரம் அதை மட்டும் உடைத்து எழுதுங்கள். றீலோட் எவ்வளவு, சிகரெட் எவ்வளவு, சாராயம் எவ்வளவு, லொத்தர் எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியவரும்.

போனில் செயலி வேண்டும் என்பவர்கள் அதில் எழுதலாம். ஆனால் வீட்டில் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ஒருவர் போனுக்குள் பூட்டிய கணக்கை வீட்டுக் கணக்கு என்று சொல்ல முடியாது.

ஒழுகும் இடங்கள்

*கடைக் கொப்பி.* கடனுக்குச் சாமான் எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வாடைக்காலத்தில் ஊர் பிழைப்பதே அதில்தான். ஆனால் கடைக்காரரின் கொப்பியில் இருப்பது உங்கள் கொப்பியிலும் இருக்க வேண்டும். எடுத்த அன்றே எழுதுங்கள், மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். முரண்பாடு வந்தால் அன்றே பேசித் தீர்க்கலாம். ஆறு மாதம் விட்டால் அது கோபதாபமாக மாறும்.

*மின்சாரம்.* வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 அலகு ஒரு வேலி. அதற்குள் நின்றால் குறைந்த கட்டணம். தாண்டினால் கூடுதலான அலகுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் 60 அலகுக்கும் உயர்ந்த விலை விழும். மாத நடுவில் மீற்றரை ஒருக்கால் பாருங்கள். 15 நாளில் 30-ஐத் தாண்டியிருந்தால் அயன் பெட்டியையும் தண்ணீர் மோட்டரையும் கவனிக்க இன்னும் 15 நாள் இருக்கிறது.

*அரிசி.* வன்னியில் காலபோக அறுவடை மாசி, பங்குனியில். நெல் மலிவாக இருப்பதும் அப்போதுதான். மாதம் 35 கிலோ அரிசி சமைக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 420 கிலோ. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 65 கிலோ அரிசி தேறும் என்று பார்த்தால் 650 கிலோ நெல் வாங்கினால் போதும். அவித்து, காயவைத்து, மில்லில் குத்தும் கூலியையும் சேர்த்துக் கடை விலையோடு ஒப்பிடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: அறுவடை மாதம் கடல் வீட்டில் காசு வற்றிய மாதம். அதற்கு வழி சீட்டு. சீட்டில் சேரும்போதே மாசி மாதச் சீட்டைக் கேட்டு வையுங்கள்.

சீட்டுக்கு ஒரே விதி: பிடிப்பவரை உங்களுக்கு எத்தனை வருடமாகத் தெரியும், முந்தைய சீட்டைக் குழப்பமில்லாமல் முடித்தாரா என்று கேளுங்கள். கூடுதல் ஆதாயம் காட்டும் சீட்டைவிட ஒழுங்காக முடிந்த சீட்டு மேல்.

கடனின் உண்மை விலை

கடன் வாங்காதே என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. கடன் இல்லாமல் இந்தத் தொழில் ஓடாது. ஆகவே ஒவ்வொரு கடனையும் ஒரே அளவுகோலால் அளந்து பாருங்கள்: வருடத்துக்கு 100 ரூபாவுக்கு எவ்வளவு போகிறது?

மீன் முதலாளியின் முற்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். 2 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள், மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையில் கிலோவுக்கு 40 ரூபா குறைப்பு என்று வைப்போம். நாளுக்கு 20 கிலோ, 150 நாள்: 1,20,000 ரூபா. அதாவது 60 வீதம். வருடம் முடிந்தபின்னும் 2 லட்சம் அப்படியே நிற்கும். கார்த்திகை மாத மழையில் எந்த வங்கியும் கதவு திறக்காதபோது கை கொடுப்பவரும் அந்த முதலாளிதான், அதை மறக்க வேண்டியதில்லை. கிலோ விலைக் குறைப்பைத் தொழில் கொப்பியில் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். அடுத்த பருவம் முற்பணத்தைக் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து விலையைப் பேச அந்தப் பக்கங்கள் உதவும்.

அடுத்தது கிழமைக் கடன். 50,000 ரூபா, கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை. கட்டி முடிப்பது 65,000. “வட்டி 30 வீதம்தான் அக்கா” என்று சொல்வார்கள். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறீர்கள், 50,000 ரூபா முழு வருடமும் உங்கள் கையில் நிற்பதில்லை. குறையும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 50 வீதத்தைத் தாண்டுகிறது. அது கையெழுத்துக் கட்டணமும் காப்புறுதியும் கழிக்க முந்திய நிலவரம்.

போர் முடிந்தபின் வன்னிக்கு நிதி நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஒரு கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன் எடுத்த பெண்கள் பலர். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 லட்சம் ரூபாவுக்குக் குறைந்த பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. ஆனால் நிவாரணம் எப்போதாவதுதான் வரும். கிழமைக் கடன்காரர் கிழமைக்கு ஒருமுறை படலையில் நிற்பார்.

கையெழுத்து வைக்க முன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன்? போட் போகாத வாடை மாதத்தில் தவணை எங்கிருந்து வரும்? ஒரு தவணை பிந்தினால் என்ன தண்டப்பணம்? கிழமைத் தவணை என்பது கிழமைச் சம்பளக்காரருக்கு அளந்து தைத்த சட்டை. கடல் வீட்டுக்கு, பருவத்தில் கூடவும் வாடையில் குறையவும் கட்டக்கூடிய கடன்தான் பொருந்தும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் கிராமியக் கூட்டுறவு வங்கியிலும் சனச சங்கத்திலும் முதலில் விசாரியுங்கள். மூன்று இடத்திலும் இல்லை என்றபின் மற்ற வாசலுக்குப் போகலாம்.

நகை அடகு இவற்றில் மோசமானதல்ல, வங்கியில் வைத்தால். அடகுச் சீட்டின் முடிவுத் திகதியை வருடக் கட்டத்தில் சிவப்பால் எழுதுங்கள். மறதியால் ஏலத்துக்குப் போன தாலிக்கொடி திரும்பி வராது.

லீசிங் மோட்டர் சைக்கிளுக்கும் தொழில் இல்லாத அந்த 17 வாரக் கேள்விதான். நாலு மாதத் தவணையை முன்கூட்டியே ஒதுக்க முடியாவிட்டால் இன்னும் ஒரு பருவம் பொறுங்கள்.

கேள்வி இல்லாக் காசு

கணக்குக் கொப்பி பல வீடுகளில் இரண்டாம் மாதத்தில் நின்றுபோவதற்குக் காரணம் சண்டை. ஒருவர் எழுதுவார், மற்றவர் விளக்கம் சொல்ல வேண்டிவரும். “முந்நூறு ரூபாவுக்கு உங்களுக்கு வெத்திலையோ?” என்று தொடங்கினால் மறுநாள் வெற்றிலை கொப்பியில் ஏறாது. பொய் எழுதிய கொப்பியைவிட வெறும் கொப்பி மேல்.

இதற்கு ஒரு மருந்து உண்டு. வீட்டுச் சம்பளத்திலிருந்து கணவருக்கும் மனைவிக்கும் சமமான ஒரு சிறு தொகை, வாரம் 700 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை, எழுதுவதும் இல்லை. அவர் தேத்தண்ணிக் கடையில் செலவழிக்கலாம், இவர் சேலைக்குச் சேர்க்கலாம். தொகை முடிந்தால் அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டலை ஒப்படைக்கலாம். சப்பாத்து ஏன் அடுத்த மாதம் என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிராது, அவர்களே கூட்டிப் பார்த்திருப்பார்கள்.

ஒரு பை, ஒரு கட்டுக் காகிதம்

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் உடுத்த உடுப்போடு ஊரை விட்டார்கள். போர் முடிந்தபின் திரும்பி வந்தபோது ஒரு தலைமுறை கடந்திருந்தது. தாத்தா உழுத வயலுக்கும் காகிதம் கேட்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையில் ஆட்களையும் வீடுகளையும் கொண்டுபோனது, வீட்டில் இருந்த பத்திரங்களையும் கொண்டுபோனது. இழப்பீடு தருபவர் எந்தக் காலத்திலும் முதலில் கேட்பது அத்தாட்சியைத்தான்.

ஆகவே வீட்டுக் கணக்கின் கடைசிப் பகுதி ஒரு தண்ணீர் புகாத பை. காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, போட் பதிவு, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு, கூட்டுறவுச் சங்க அங்கத்துவம், வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, கடன் ஒப்பந்தம். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஓர் உறவுக்கு அனுப்பி வையுங்கள். இலங்கையில் மீனவருக்கான ஓய்வூதியத் திட்டத்துக்கு 1990-இல் சட்டம் வந்தது. உங்களுக்கு அதில் இடம் உண்டா என்று கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்கப் போகும் நாளில் இந்தப் பையைத்தான் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

தொழில் கொப்பியும் பருவம் முடிந்தபின் அந்தப் பைக்குள் போகட்டும். திகதி போட்டு எழுதிய இரண்டு வருடப் பாட்டுக் கணக்கை மேசையில் வைத்துக் கடன் கேட்பவர் வாய்ச்சொல்லோடு மட்டும் போவதில்லை. புயல் அடித்து இத்தனை நாள் தொழில் போனது என்று சொல்லவும் அதே பக்கங்கள் கைகொடுக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. இரண்டு கொப்பி, இரண்டு ரின். இன்றைக்கே.

2. கடைசியாகக் கடலுக்குப் போன நாளின் செலவை ஞாபகத்திலிருந்து எழுதிப் பாருங்கள். ஞாபகம் வராத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அடுத்த தடவை அதை நிரப்பலாம்.

3. எஞ்சின், போட், வலை மூன்றின் விலையையும் ஆயுளால் பிரித்து, வருடப் பழுதுச் செலவையும் கூட்டி, வரும் தொகையைக் கடலுக்குப் போகும் நாட்களால் பிரியுங்கள்.

4. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற முழுப் பட்டியல். கைமாற்றும் சேர்த்து. இந்தப் பக்கத்தை எழுதத்தான் கை கூசும், எழுதி முடித்த இரவு நித்திரை வரும்.

5. பன்னிரண்டு கட்டத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள்.

6. வீட்டுச் சம்பளத்தை இரண்டு பேரும் இருந்து பேசித் தீர்மானியுங்கள். முதல் மாதம் பிழைக்கும். இரண்டாம் மாதம் திருத்துங்கள்.

ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் மூன்றாவதைச் செய்யுங்கள். அதோடு அன்றாடச் செலவைக் கூட்டி, மீனின் கிலோ விலையால் பிரித்து வரும் எண்ணைத் தொழில் கொப்பியின் முன்மட்டையில் பென்சிலால் எழுதுங்கள். எங்கள் உதாரணப் போட்டுக்கு அது 9 கிலோ. உங்களுடையது ஏழாக இருக்கலாம், பதினான்காக இருக்கலாம். அடுத்த முறை நள்ளிரவில் எண்ணெய் விலை மாறினால், விடிய முன் விளக்கைப் போட்டு, அந்த எண்ணை அழித்துப் புதிதாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கடலைப் பாருங்கள்.